ஓரம் கொதிக்குது, நடுவுல ஐஸ்

ஃப்ரீசர்ல இருந்து எடுத்த சூப்ப மைக்ரோவேவ்ல வெச்சா ஓரம் கொதிக்குது, நடுவுல ஐஸ் அப்படியே கெடக்குது, ஏன்னு கம்ப்யூட்டர்ல மாடல் பண்ணிப் பாக்கலாம்னு உக்காந்தேன், ரெண்டு வாரம் போச்சு.

மேக்ஸ்வெல் சமன்பாடு (மின்காந்த அலைக்கான விதி) அடுப்புக்குள்ள இருக்குற மின்புலத்த சொல்லும், அதோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி சூடு, அத வெப்பப் பரவல் சமன்பாட்டுல போட்டா வெப்பநிலை வந்துடும், அவ்ளோதானேன்னு நெனச்சேன். வம்பு என்னன்னா பொருளோட குணமே சூட்டுக்கு ஏத்த மாதிரி மாறுது. ஐஸ் மைக்ரோவேவ உறிஞ்சுறது ரொம்பக் கம்மி, தண்ணி நல்லா உறிஞ்சும். எங்கயாவது கொஞ்சம் உருகுனா போதும், அந்த இடமே பவர இழுத்துக்கும், மேல மேல சூடாகும். அதனால சூடு மாற மாற மின்புலத்தயும் திரும்ப கணக்குப் போடணும். நான் மொதல்ல ஒரே ஒரு தடவ போட்டுட்டு விட்டுட்டேன், எல்லாம் அழகா சீரா உருகிச்சு, எனக்கு சந்தேகமே வரல!

சிதறல், அதாவது அலை பொருள்ல பட்டு தெறிக்கிறதும் வளையுறதும்தான் இன்னும் ஜாலி. மைக்ரோவேவ் அடுப்போட அதிர்வெண்ணான 2.45 கிகாஹெர்ட்ஸ்ல அலைநீளம் காத்துல சுமார் 12.2 செ.மீ., தண்ணிக்குள்ள 1.4 செ.மீ. கிட்டதான் (மெஷ், அதாவது கணக்குக்காக இடத்த பிரிக்கிற கட்டங்கள், அதவிட ரொம்பப் பொடியா இருக்கணும், லேப்டாப் ஃபேன் கதறும்). ஈரமான சின்ன உருண்டையா இருந்தா லென்ஸ் மாதிரி அலைய உள்ள குவிச்சு நடுவ கொதிக்க வெச்சுடும். என் சூப்புக்கு நேர் தலைகீழ்.