உப்பில் நடந்த பீட்டர்

எங்கள் முன்பள்ளி பரந்தனில் இருக்கிறது. போன கிழமை பிள்ளைகளுக்கு எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'த ஸ்னோயி டே' படப்புத்தகத்தை விரித்தேன். கனடாவில் இருக்கும் அக்கா அனுப்பியது. அட்டையில் இருந்த பொன்னிற வட்டத்தைத்தான் முதலில் தடவிப் பார்த்தார்கள்.

"காசா ரீச்சர்?"

காசில்லை, கால்டிகாட் பதக்கம். அமெரிக்க நூலகச் சங்கம் 1938 முதல் வருடாவருடம் கொடுப்பது. கதைக்கல்ல, படத்துக்கு. கீட்ஸுக்கு 1963இல் கிடைத்தது.

என் கவலை வேறு. பீட்டர் என்ற சிறுவன் பனி கொட்டிய நாளில் வெளியே போய் விளையாடுவதுதான் கதை. எங்களுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லில் நிற்கும் ஈரம். தெரு முழுக்க வெள்ளையாய்க் குவிந்து கிடப்பதை எப்படி விளங்கப்படுத்துவது? நான் வாய் திறக்க முதல் முன்வரிசைக் குட்டி சொன்னாள்: "உது ஆனையிறவு உப்பு." யாழ்ப்பாண பஸ்ஸில் போகும்போது உப்பளத்தில் குவித்திருப்பதைக் கண்டிருக்கிறாள். சரி, உப்பாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சிவப்பு உடுப்போடு பீட்டர் உப்பில் காலை இழுத்து இழுத்து நடந்தான். இரண்டு தடங்களுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கோடு. "இது ஆற்றை கால்?" என்றான் ஒருவன். தடி வைத்திருக்கிறான் என்று மற்றவர்களே கண்டுபிடித்தார்கள். நான் ஒரு வரியும் வாசிக்கவில்லை. பீட்டர் சட்டைப்பையில் வைத்த பனியுருண்டை காணாமல் போனதற்கும் விளக்கம் தேவைப்படவில்லை. மழை பெய்தால் உப்புக் கரையும்தானே!

பீட்டர் கறுப்புப் பிள்ளை. 1940இல் ஒரு சஞ்சிகையில் வந்த சிறுவனின் படங்களைக் கீட்ஸ் வெட்டியெடுத்து இருபது வருடத்துக்கு மேல் வைத்திருந்தாராம். அந்த முகம்தான் பீட்டர் ஆனது. எங்களுக்கு இலவசமாக வரும் சில புத்தகங்களில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே றோஸ் கன்னம். பார்க்கவே அலுப்பு.

இன்னொன்று, இது தூரிகையால் மட்டும் வரைந்ததல்ல. கடதாசி, துணி எல்லாம் வெட்டி ஒட்டியது. தாயின் சட்டை, அலுமாரித் தட்டில் விரிக்கும் ஒயில் துணி. ஒரு பக்கத்தின் சாம்பல் புள்ளிகள் பல் பிறஷ்ஷால் மை தெறித்தவை.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. தையல்கடை வெட்டுத்துணியோடு நான்கு பழைய பிறஷ்ஷும் ஒரு போத்தல் மையும் கொடுத்தேன். மறுநாள் காலை ஒரு தாய், மகனின் வெள்ளைச் சேட்டைத் தூக்கிப் பிடித்தபடி வாசலில் நின்றார். இரண்டு தரம் சவுக்காரம் போட்டாராம்.