செப்ரைட் சங்கம் எதைத் தேர்ந்தெடுத்தது, எதைக் கழித்தது

செப்ரைட் என்ற குட்டைக் கோழி இனத்தின் சேவலை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் பெட்டை என்றே நினைப்பார்கள். வாலில் வளைந்து தொங்கும் நீண்ட இறகு இருக்காது. கழுத்திலும் முதுகின் பின்பக்கத்திலும் கூர்முனை இறகு இருக்காது. சண்டைச்சேவல் வளர்ப்பவர்கள் பெட்டைமாரி என்பார்களே, அந்த உடை. பொன்னிறம், வெள்ளி என்று இரண்டு நிறம். எந்த நிறமானாலும் ஒவ்வொரு இறகையும் சுற்றி, வேட்டிக்குக் கரை பிடித்த மாதிரி, பச்சை மினுக்கம் உள்ள மெல்லிய கறுப்பு ஓடும். பிரிட்டிஷ் அளவுகோலில் சேவல் ஏறத்தாழ 620 கிராம், பெட்டை 510 கிராம். ரோஜாக் கொண்டை, அதன் பின்னால் ஒரு கூர்முனை, சாம்பல் நீலக் கால், தூக்கிய நெஞ்சு, தாழ்ந்த இறக்கை. இதற்குப் பெரிய கோழி வடிவம் கிடையாது, பேன்டமாகவே, அதாவது குட்டைக் கோழியாகவே, உருவாக்கப்பட்ட இனம்.

உருவாக்கியவர் சர் ஜான் சாண்டர்ஸ் செப்ரைட் (1767–1846). இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் பீச்வுட் பார்க் பண்ணைக்காரர். நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். கால்நடை இனங்களை மேம்படுத்துவது பற்றி 1809இல் அவர் வெளியிட்ட சிறு நூலை டார்வின் பின்னாளில் மதித்துப் படித்தார். போலிஷ் கோழி, நாங்கின் (Nankin) பேன்டம், ரோஸ்கோம்ப் பேன்டம், பெட்டைமாரி உடையோடு கிடைத்த ஒரு சிறு சேவல் என்று பலவற்றைக் கலந்து, பிறகு ஆண்டுக்கணக்கில் நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்த்து இந்த இறகைப் பிடித்தார். 1810 வாக்கில் தன்னைப் போன்ற ஆர்வலர்களைச் சேர்த்து ஒரு சங்கம் வைத்தார். ஒரே ஒரு கோழி இனத்துக்கென்று ஏற்பட்ட முதல் சங்கமாக இதைத்தான் சொல்கிறார்கள். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரி ஏறுவதற்கு முன்பே லண்டன் ஹோபர்ன் பகுதியின் கிரேஸ் இன் காபி ஹவுஸில் இந்தச் சங்கத்தார் ஆண்டுக்கு ஒருமுறை கோழிகளோடு கூடினார்கள். இங்கிலாந்தில் சேவல் சண்டைக்குச் சட்டத்தடை வந்தது 1835இல். லண்டன் விலங்கியல் தோட்டத்தில் கோழிக் கண்காட்சி நடந்தது 1845இல். கோழியைச் சண்டைக்கு விடாமல் அழகு பார்த்துப் போட்டி வைக்கும் வழக்கத்தில் இந்தக் காபிக்கடைக் கூட்டம் எவ்வளவு முந்தியது என்பது இந்த ஆண்டுகளைப் பார்த்தாலே தெரியும். அமெரிக்கர்கள் 1874இல் கோழி இனங்களுக்கான தங்கள் முதல் தர நூலிலேயே இந்த இனத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். பிரிட்டனில் செப்ரைட் சங்கம் இன்றும் இயங்குகிறது.

இந்த வரலாற்றில் கோழி வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் வேறு. சங்கம் இறகைப் பார்த்தது, நிறத்தைப் பார்த்தது, சிறு உருவத்தைப் பார்த்தது. குஞ்சு பொரிக்கிறதா என்பது போட்டியில் இல்லை. டார்வின் 1868இல் வெளியிட்ட நூலில் இதன் விளைவை எழுதியிருக்கிறார்: செப்ரைட்டின் நேர்வழியில் வந்த வெள்ளிக் கோழிகளை அவரே பார்த்திருக்கிறார், அந்த ஆண்டு இரண்டு கூடு நிறைய முட்டை வைத்தும் ஒரு குஞ்சு பொரிக்கவில்லை. அதே பக்கத்தில் ஹெவிட் என்ற நடுவரின் கணிப்பையும் சேர்த்திருக்கிறார். சேவலின் வாலில் இரண்டு முக்கிய இறகுகள் அரை அங்குலம் நீண்டிருந்தாலே, அதாவது பெட்டைத் தோற்றத்திலிருந்து அந்த அளவு விலகினாலே, அந்தச் சேவலுக்குக் கருக்கட்டும் திறன் கூடுகிறது என்பது அவர் கணிப்பு. போட்டியில் மதிப்பெண் இழக்கும் சேவல்தான் இனத்தைக் காக்கும் சேவல்.

காரணம் தெரிய இன்னும் ஐம்பது ஆண்டு ஆயிற்று. மரபியலாளர் தாமஸ் ஹன்ட் மார்கன் செப்ரைட் சேவல்களுக்கு விதையகற்றிப் பார்த்தார். அடுத்து முளைத்த இறகு அசல் சேவல் இறகாக வந்தது. விதையிலிருந்து வரும் ஆண் ஹார்மோனை இந்த இனத்தின் தோல் பெண் ஹார்மோனாக மாற்றிவிடுகிறது என்றும், அரோமட்டேஸ் என்ற நொதி தோலிலும் அளவுக்கு மேல் வேலை செய்வதே அதற்குக் காரணம் என்றும் பின்னால் நிறுவப்பட்டது. இது இறகின் கதை. கொண்டையின் கதை தனி. ரோஜாக் கொண்டை மரபணு தாய், தந்தை இரண்டிடமிருந்தும் வந்து இரட்டையாக இருக்கும் சேவலின் விந்தணு சரியாக நீந்தாது. ஒற்றையாக இருந்தால் இந்தக் குறை இல்லை. 2012இல் அந்த மரபணு மாற்றத்தையே கண்டுபிடித்துவிட்டார்கள். தூய இனம் என்று தேர்ந்தெடுக்கும்போது எல்லாச் சேவலும் இரட்டையாகவே வரும். நெருங்கிய உறவில் இணைசேர்த்ததன் பலவீனம் அதன் மேல் ஏறிக்கொள்கிறது.

ஆகவே குஞ்சுகளில் எப்போதாவது சாதாரண ஒற்றைக் கொண்டையோடு ஒன்று வந்தால் அதை விற்றுவிடாதீர்கள். பெட்டையாக இருந்து இறகுக் கரையும் நன்றாக இருந்தால், நல்ல ரோஜாக் கொண்டைச் சேவலோடு சேருங்கள். பிறக்கும் சேவல்களில் ரோஜாக் கொண்டையோடு வருபவை எல்லாவற்றிலும் மரபணு ஒற்றையாக இருக்கும். அவைதான் அடுத்த பருவத்தின் இனச்சேவல்கள். கண்காட்சி வைக்கும் ஆசை இருந்தால் வால் கச்சிதமான சேவலைக் காட்சிக்கு வைத்துக்கொண்டு, வால் சற்று நீண்டதை இணைசேர்க்கும் கூண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சேவலுக்கு 2 அல்லது 3 பெட்டை போதும். இணைசேர்க்கும் முன் இரண்டுக்கும் மலவாயைச் சுற்றியுள்ள பஞ்சு இறகைக் கத்தரித்து விடுங்கள். பொன், வெள்ளி இரண்டையும் கலக்காமல் இருப்பது நல்லது. பொன் சேவலையும் வெள்ளிப் பெட்டையையும் சேர்த்தால் பெட்டைக் குஞ்சு பொன்னாகவும் சேவல் குஞ்சு வெள்ளியாகவும் வரும். ஆனால் அந்தச் சேவலின் வெள்ளையில் பித்தளை மஞ்சள் அடிக்கும், வெள்ளி வரிசைக்கு உதவாது.

வாங்கும்போது காலைப் பாருங்கள். கால் மஞ்சளாக இருந்தால், கரை எவ்வளவு அழகாக இருந்தாலும், அது பெரும்பாலும் வயண்டாட் என்ற அமெரிக்கக் கோழி இனத்தின் கலப்பு. கோழிகளின் மஞ்சள் தோல் மரபணு நம் மலைகளில் கூவும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் மரபணு ஆய்வில் தெரியவந்தது. வீட்டுச் சேவலைக் காட்டோரம் மேயவிட்டு அந்தக் காட்டுக்கோழியோடு கலக்கவோ நோய் பரப்பவோ விடக்கூடாது. அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் பறவை.

நீலகிரி மலைமேல் பருவம் பார்த்துத்தான் அடைவைக்க வேண்டும். பொங்கல் முடிந்ததும் முட்டை சேர்க்கத் தொடங்கினால் மார்ச் கடைசிக்குள் பொரிப்பு முடிந்துவிடும். தென்மேற்குப் பருவமழை ஊட்டி, கூடலூர்ப் பக்கம் இறங்கும்போது குஞ்சுக்கு 10 வாரம் ஆகி முழு இறகு வந்திருக்கும். ஜூலையில் பொரித்த குஞ்சு ஈரத்திலும் குளிரிலும் ரத்தக்கழிச்சலிலும் போய்விடும். செப்ரைட் பெட்டை ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைதான் இடும், முட்டை 30 கிராம் அளவுக்குத்தான் இருக்கும், அடைக்கு உட்காருவதும் அபூர்வம். சேர்த்து வைக்க மலைவீடு வசதியான இடம். 15 டிகிரி உள்ள அறையில் முட்டை 7 நாள் கெடாமல் இருக்கும், தினமும் ஒருமுறை திருப்பி வைத்தால் போதும். உறைபனி விழும் ஜனவரி நாட்களில் மட்டும் சாயங்காலம் இருட்டும் முன் கூட்டிலிருந்து முட்டையை எடுத்துவிடுங்கள்.

இன்குபேட்டர் வைத்திருப்பவர்கள் இங்கே ஒரு விஷயத்தில் தவறிப்போகிறார்கள். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் சுமார் 77 சதவீதம். அழுத்தம் குறைந்தால் முட்டை ஓட்டின் நுண்துளை வழியே நீராவி வேகமாக வெளியேறும். அதே சூட்டில், அதே ஈரப்பதத்தில் சமவெளியில் இழப்பதைவிட 30 சதவீதம் கூடுதலாக முட்டை காயும். பொள்ளாச்சியிலிருந்தோ கோவையிலிருந்தோ மேலே கொண்டுவந்த முட்டையில் இது இன்னும் நன்றாகத் தெரியும். 18ஆம் நாள் வரை முட்டை தன் எடையில் 12, 13 சதவீதம் இழக்கலாம்: 30 கிராம் முட்டை 26 கிராமுக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். 25க்குக் கீழே போனால் காற்றறை பெரிதாகி, சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். குஞ்சு ஓட்டைக் கொத்திவிட்டு வெளியே வர முடியாமல் செத்துப்போகும். நகைக்கடைத் தராசு மாதிரிச் சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கி 7, 14, 18ஆம் நாட்களில் நிறுத்துப் பாருங்கள்.

சமவெளியில் 50 சதவீத ஈரப்பதம் சரியென்றால் ஊட்டியில் 60 வைக்க வேண்டும். வெளியே மூடுபனி சூழ்ந்திருக்கிறதே, ஈரம் தானாக வரும் என்று நம்பக்கூடாது. 15 டிகிரியில் முழு ஈரம் நிறைந்த காற்று 37.5 டிகிரிக்குச் சூடாகும்போது அதன் ஈரப்பதம் சுமார் 26 சதவீதமாக இறங்கிவிடும். கடைசி 3 நாள் 70 வரை ஏற்றுங்கள், ஆனால் காற்றுத்துளையை அடைத்து ஏற்றாதீர்கள். மலையில் பிராணவாயு ஏற்கெனவே குறைவு, பொரிக்கும் தறுவாயில் குஞ்சுக்கு அது அதிகம் வேண்டும். துளை முழுக்கத் திறந்தே இருக்கட்டும். இன்னொரு தட்டில் நீர் வைத்து, நீர்ப்பரப்பைக் கூட்டுங்கள். பேன்டம் முட்டை 19ஆம் நாளிலிருந்தே பொரியத் தொடங்கும்.

இத்தனை பாடுபட வேண்டாம் என்பவர்களுக்கு, அடைகாக்கச் சிறுவிடை நாட்டுக்கோழிதான் சிறந்த வழி. எடை குறைவு, முட்டையை மிதித்து உடைக்காது, சிறிய முட்டையாக 12 வரை மூடிக்கொள்ளும். ஆனால் பொரித்த குஞ்சை அதன் கீழேயே விட்டால் மேரெக்ஸ் நோயில் மாட்டிக்கொள்வோம்.

செப்ரைட்டை மற்ற எந்த நோயையும்விட அதிகம் வாட்டுவது மேரெக்ஸ். இரண்டிலிருந்து ஐந்து மாத வயதுக்குள் ஒரு கால் முன்னேயும் ஒரு கால் பின்னேயும் நீட்டிப் படுத்துவிடும். சில நேரம் கண்ணின் கருவிழி சாம்பலாகும், சில நேரம் தின்றபடியே மெலிந்து சாகும். வாதம் என்று எண்ணெய் தேய்ப்பதில் பயன் இல்லை, மருந்தே கிடையாது. வைரஸ் பெரிய கோழிகளின் இறகுப் பொடுகில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். முதல் நாளிலேயே கழுத்துத் தோலுக்கடியில் 0.2 மி.லி. தடுப்பூசி போட வேண்டும். பாதுகாப்பு உருவாக ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதுவரை குஞ்சு பெரிய கோழி இருக்கும் கொட்டகைக்குப் போகக்கூடாது, தாய்க்கோழியோடும் இருக்கக்கூடாது. ஆகவே 18ஆம் நாள் வரை சிறுவிடையிடம் விட்டு, பிறகு முட்டையை இன்குபேட்டருக்கு மாற்றுங்கள். தடுப்பூசி போட்டும் வைரஸ் தொற்றும். கட்டியும் வாதமும் வராமல் காப்பதுதான் ஊசியின் வேலை.

நீலகிரியில் செப்ரைட் வளர்ப்பவர்களுக்கு ஒரு சங்கம் தேவைப்படுவது முதலில் இதற்காகத்தான். அந்த ஊசி மருந்து ஆயிரம் கோழிக்கான குப்பியாக வருகிறது. கரைத்தபின் ஒரு மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும். 9 குஞ்சு வைத்திருப்பவர் தனியாக வாங்கினால் கட்டுப்படியாகாது. கோத்தகிரி, குன்னூர், ஊட்டி என்று மூன்று நான்கு வீடுகள் ஒரே தேதியில் அடைவைத்தால் ஒரே நாளில் பொரிக்கும், ஒரு குப்பி எல்லாருக்கும் போதும், குளிர்பெட்டியில் ஐஸ் வைத்து எடுத்து வர ஒருவர் போதும். வெள்ளைக் கழிச்சலுக்கு லசோட்டா சொட்டு மருந்து முதல் வாரத்திலும் நான்காம் வாரத்திலும், 8 வாரத்தில் ஊசி. இதற்குப் பிப்ரவரியில் கால்நடைத் துறை முகாமே நடத்துகிறது.

குஞ்சுக்கூட்டுக்கு முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறையுங்கள். மலையில் 6 வாரம் வரை இரவுச் சூடு தேவைப்படும். மின்சாரம் போனால் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி வையுங்கள். மூடிய அறையில் கரி அடுப்பு வைக்கவே கூடாது, அதன் புகையில்லாத நச்சுவாயு குஞ்சையும் ஆளையும் சேர்த்தே கொல்லும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், இந்தக் குஞ்சு அரை அங்குல நீரிலும் மூழ்கிவிடும். ரத்தக்கழிச்சலுக்கு ஆம்ப்ரோலியம் கொடுக்கும் நாட்களில் பி காம்ப்ளக்ஸ் டானிக்கை நிறுத்துங்கள், ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கும். கூண்டுக்கு அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ். சாதாரணக் கோழிவலையைக் கீரியும் மரநாயும் பிய்த்துவிடும். கூண்டின் மேற்புறத்திலும் வலை கட்டாயம், செப்ரைட் நன்றாகப் பறக்கும்.

சங்கத்துக்கு இரண்டாவது வேலை சேவல் மாற்று. மூன்று வீடுகள் இருந்தால் பெட்டைகள் பிறந்த வீட்டிலேயே இருக்கட்டும். முதல் வீட்டுச் சேவல் இரண்டாவதுக்கு, இரண்டாவதன் சேவல் மூன்றாவதுக்கு, மூன்றாவதன் சேவல் முதலாவதுக்கு என்று ஆண்டுதோறும் ஒரே திசையில் சுற்றினால் அண்ணன் தங்கை சேராது. ஒவ்வொரு சேவலுக்கும் கால் வளையம், ஒரு நோட்டுப் புத்தகம். அடைவைத்த முட்டை எத்தனை, 7ஆம் நாள் டார்ச் வெளிச்சத்தில் நரம்பு ஓடியது எத்தனை, நரம்பே இல்லாத கூமுட்டை எத்தனை, ரத்த வளையத்தோடு பாதியில் நின்றது எத்தனை என்று எழுதுங்கள். கூமுட்டை சேவலின் குறையைக் காட்டும். ரத்த வளையம் பெரும்பாலும் சேமிப்பின் அல்லது சூட்டின் குறை. இரண்டையும் ஒன்றாக எண்ணினால் நல்ல சேவலைக் கழித்துவிடுவோம். அடுத்தடுத்து இரண்டு அடையில் பாதிக்கு மேல் கூமுட்டை என்றால் அந்தச் சேவலை மாற்றுங்கள், அதன் கரை எவ்வளவு அழகாக இருந்தாலும்.

சேவலை இடம் மாற்ற நவம்பர் தொடக்கம் சரியான காலம். இறகு உதிர்ந்து புதிது முளைத்திருக்கும், கரையும் தெளிவாகத் தெரியும். புது வீட்டில் 30 நாள் தனிக்கூண்டு. அந்த நாட்களில் பேன், செதில்கால் பூச்சி பார்த்து, எச்சத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்து, டிசம்பரில் பெட்டைகளோடு விட்டால் தை மாத முட்டைக்குச் சேவல் தயாராக இருக்கும்.