கருகிய காயில் சொன்ன காரணம்

களக்காட்டுப் பக்கம் வாழைக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார்களுக்குக் காயில் (உள்ளே சுற்றும் செம்புக் கம்பிச் சுற்று) கட்டியே அப்பாவின் காலம் போனது. எரிந்த மோட்டார் வந்ததும் மூடியைக் கழற்றுவார், ஆனால் கம்பியில் கை வைக்க மாட்டார். கருகல் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்பார். மூன்று பேஸும் (மும்முனை மின்சாரத்தின் ஒவ்வொரு முனைக்கும் உரிய காயில் தொகுதி) ஒரே சீராகக் கறுத்திருந்தால் வோல்டேஜ் குறைவு, அல்லது பம்பு இறுகிச் சுமை கூடியிருக்கும். மூன்று பேஸும் ஒரு புள்ளியில் சேரும் ஸ்டார் இணைப்பில் இரண்டு பேஸ் கருகி மூன்றாவது மினுங்கினால் ஒரு லைன் வராமலே ஓடியிருக்கிறது. அதே கோளாறு, மூன்றும் முக்கோணமாகச் சேரும் டெல்டாவில் வந்தால் ஒரு பேஸ் மட்டும் கருகும், மற்ற இரண்டும் பிழைத்துக்கொள்ளும். ஒரே ஸ்லாட்டில் (கம்பி உட்காரும் பள்ளம்) செம்பு உருகிக் குண்டாக நின்றால் காப்புப் பேப்பர் கிழிந்து கம்பி பாடியில் பட்டது என்று அர்த்தம்.

காரணம் தெரியாமல் காயில் கட்டினால் அதே மோட்டார் அதே மாதம் திரும்பி வரும். அதனால் தோட்டத்துக்கே போய் பியூஸ் கட்டையையும் ஸ்டார்ட்டர் கான்டாக்டையும் கழற்றிப் பார்ப்பார். மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் இரண்டு லைனிலேயே கன்டன்சர் போட்டு ஓட்டுவது இங்கே சாதாரணமாக இருந்தது. “வாழை வாடுதே அண்ணாச்சி, என்ன செய்ய?” என்பவரிடம் கோபப்பட மாட்டார். டாங் டெஸ்டரை ஒவ்வொரு வயரிலும் மாட்டி ஆம்பியரைக் காட்டுவார். 5 எச்பி மோட்டார் முழுச் சுமையில் சுமார் 7.5 ஆம்பியர் இழுக்கலாம். ஒரு வயரில் 11 ஓடினால் எப்பேர்ப்பட்ட காயிலும் தாங்காது. அந்த அளவைக் கண்ணால் பார்த்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

பழைய கம்பியை எடுப்பதில்தான் அவருடைய பொறுமை தெரியும். மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினால் சீக்கிரம் வரும். ஆனால் கம்பியைத் தாங்கும் இரும்பு ஸ்டாம்பிங் தகடுகளுக்கு இடையே இருக்கும் மெல்லிய பூச்சும் எரிந்துவிடும், பிறகு எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் மோட்டார் சும்மா ஓடும்போதே சுடும். அவர் ஸ்லாட்டுக்கு வெளியே நீளும் ஒரு பக்கத்துத் தலைக்கட்டை உளியால் வெட்டி, லேசாகச் சூடுகாட்டி, மறுபக்கம் கொக்கியால் இழுப்பார். சுற்று எண்ணிக்கையை மூன்று காயிலில் எண்ணிச் சரிபார்ப்பார். கம்பியின் எனாமலைச் சுரண்டிய பிறகே மைக்ரோமீட்டர் வைப்பார். 20 கேஜ் கம்பி 0.914 மில்லிமீட்டர், 21 கேஜ் 0.813. கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் செம்பில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோகும். சுற்று, கேஜ், பிட்ச் (ஒரு காயில் தாண்டும் ஸ்லாட் கணக்கு), இணைப்பு எல்லாம் நோட்டில் ஏறும். எரிந்த காரணத்துக்கும் அதில் ஒரு வரி உண்டு. மற்ற எதையும்விட அந்த வரிதான் எங்களுக்குப் பெரிய சொத்து.

மோட்டாரும் பம்பும் ஒன்றாய்ச் சேர்ந்த மோனோபிளாக் பம்பு நடைமுறையில் ஏழு மீட்டர் ஆழத்துக்கு மேல் உறிஞ்சாது. கோடையில் தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரையும் கிணற்றுக்குள் இறக்குவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிணறு பொங்கி அது முங்கிவிடும். முங்கிய மோட்டாருக்கெல்லாம் புதுக் காயில் வேண்டியதில்லை. நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, காயில் இருக்கும் அசையாத பாகமான ஸ்டேட்டருக்குள் 200 வாட் பல்பை எரியவிட்டு, சாக்கால் மூடி இரண்டு நாள் வைத்தால் போதும். காப்பை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் ஒரு மெகா ஓமுக்கு நன்றாக மேலே காட்டினால் வார்னிஷ் கொடுத்து, பேரிங்கை மட்டும் மாற்றித் திருப்பிக் கொடுப்பார். அதில் கூலி குறைவுதான். ஆனாலும் நல்ல செம்பை அறுத்துப்போட அவருக்கு மனம் வராது.

பேரப்பிள்ளைகளுக்காக ஒரு பேரிங் குண்டு வைத்திருந்தார். சுழலும் பாகமான ரோட்டரை எடுத்துவிட்ட ஸ்டேட்டருக்குள் அதைப் போட்டு, மூன்று பேஸ் வேரியாக்கில் கொஞ்சமாக வோல்டேஜ் ஏற்றுவார். குண்டு தானாகவே உள்வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வரும். “யாரு தாத்தா தள்ளுதா?” என்று கேட்டால் பாபநாசத்துக்குக் கூட்டிப்போவார். 1944 முதல் ஓடும் அந்தப் புனல் மின் நிலையத்தில் தாமிரபரணி தண்ணீர் காந்தத்தைச் சுழற்றுகிறது, அதனால் கரண்ட் பிறக்கிறது. இங்கே கரண்ட் வந்து காந்தத்தைச் சுற்றவைக்கிறது, ரோட்டர் அதன் பின்னால் ஓடுகிறது என்பார்.

அது விளையாட்டு மட்டுமில்லை. ஒரு குரூப் காயில் தலைகீழாக இணைந்திருந்தால் குண்டு அந்த இடத்தில் தடுமாறி நின்றுவிடும். வார்னிஷ் காய்ந்த பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு. பட்டறையில் இன்றும் குண்டைச் சுற்றவிட்டுப் பார்த்த பிறகுதான் வார்னிஷ் டப்பாவைத் திறக்கிறோம்.