பள்ளக்காணி

டிசம்பர் 2, செவ்வாய்

கரண்ட் இல்லை. ஒழுங்கையில் இன்னும் முழங்கால் தண்ணீர். அம்மா கட்டிலை விட்டு இறங்கவில்லை.

டிசம்பர் 3

கடல் வரவில்லை. இதை எழுதி வைக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்து போன் எடுக்கிற எல்லோரும் "கடல் உள்ள வந்திட்டுதோ?" என்றுதான் கேட்கிறார்கள். வந்தது மழைத் தண்ணீர். வயல் பக்கமிருந்து கடலுக்குப் போகப் புறப்பட்டது, போக வழியில்லாமல் எங்கள் ஒழுங்கையில் நின்றுவிட்டது.

முன்பு இரண்டு பக்கமும் கிளுவைக் கதியால், கிடுகு வேலி. வேலிக்குக் கீழால் வளவு வளவாகப் போய், பள்ளக்காணியில் இறங்கி, மணலுக்குள் போய்விடும். இப்போது சந்தியில் இருந்து கடற்கரை வரை மதில். டித்வா புயலன்று இரவு பக்கத்து வீட்டு அண்ணை அலவாங்கோடு வந்து, "பிள்ளை, உங்கட மதிலை உடைக்கட்டோ?" என்று கேட்டார். உடையுங்கோ என்றேன். ஒரு ஆள் குனிந்து போகலாம், அவ்வளவு பெரிய ஓட்டை. அரை மணித்தியாலத்தில் குசினித் தண்ணீர் இறங்கியது.

டிசம்பர் 5

விடியவே தம்பி எடுத்தான். ரொறன்ரோவில் இரவு, சாப்பிட்டுவிட்டு ஆறுதலாகப் பேசுகிற நேரம். முதலில் அம்மா, பிறகு மழை, பிறகு மலைநாடு. டித்வாவில் நாடு முழுக்க 600 பேருக்கு மேல் போய்விட்டார்கள், மண்சரிவுப் படங்களைப் பார்த்து அழுததாகச் சொன்னான். அழுதிருப்பான். அவன் அப்படித்தான். அப்புறம் அதே குரலில், "அக்கா, இப்ப கடற்கரைப் பக்கம் காணி விலை விழும், என்ன?" என்றான்.

எங்கள் பள்ளக்காணியோடு சேர்க்கப் பக்கத்துக் காணியை வாங்கி, இரண்டையும் ஐந்து அடிக்கு நிரப்பி, கடலைப் பார்த்து அறைகள், கீழே கல்யாண மண்டபம். ஆகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்கள் தங்க இடமில்லாமல் அலைகிறார்களாம். "ஊருக்கு ஏதாவது செய்ய வேணும் அக்கா. எனக்காகக் கையெழுத்துப் போடுற அற்றோர்னித் தத்துவம் உங்கட பேரிலதானே கிடக்கு."

நிரப்பினால் அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டேன். வடிகால் போடலாம் என்றான். எங்கே வடியும்? இஞ்சினியர் பார்ப்பார் என்றான்.

டிசம்பர் 6

கிழக்கு ஒழுங்கைக்கு டிப்பர் வரத் தொடங்கிவிட்டது. பள்ளம் நிரப்பக் கிரவல்.

டிசம்பர் 8

கிணறு. நாள் முழுக்க கிணறு.

சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ., வந்து குளோரின் போட்டுவிட்டுப் போனார். கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார். சந்தி வீட்டுக்காரர் மோட்டரைப் போட்டு அடிமட்டும் இறைத்தார், ஊத்தை போகட்டும் என்று. பின்னேரம் ஊறிய தண்ணீர் சவர். சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையிலும் இதுதான் நடந்தது. உப்பு போகட்டும் என்று இறைக்க இறைக்க, கீழே இருந்த உப்பு மேலே வந்தது.

யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரிக்கு மட்டும்தான். மழை விழுந்து சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கடல் தண்ணீருக்கு மேலே மிதக்கிற நல்ல தண்ணீரைத்தான் குடிக்கிறோம். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நிற்கும் என்பது கணக்கு. மேலே ஒரு அடி குறைந்தால் கீழிருந்து உப்பு அதே 40 அடி ஏறப் பார்க்கும். தம்பியின் அறைகள் ஒவ்வொன்றுக்கும் குளியலறை. தண்ணீருக்குக் குழாய்க் கிணறு அடிப்பார்களாம். கழிவுக் குழி எங்கே வரும் என்று அவன் அனுப்பிய படத்தில் காட்டவே இல்லை.

அம்மா தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "எங்கட கிணறோ இது?" எங்கள் கிணறுதான்.

டிசம்பர் 9

வீடு துப்புரவாக்க அரசாங்கக் காசு 25,000 ரூபாய். கிராம சேவகர், ஜீ.எஸ்., பெயர் எழுதிக்கொண்டு போனார். மதில் ஓட்டையையும் படம் எடுத்தார், சேதம் என்று நினைத்து.

டிசம்பர் 12

அலுவலகம். எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை, நாளைக்கும் அங்கேதான் போய் நிற்க வேண்டும். நான் கேட்டது ஒன்றுதான்: கிழக்கு ஒழுங்கையில் நிரப்புகிறார்களே, அதற்கு அனுமதி இருக்கிறதா? நிரப்புவது கட்டடம் அல்ல, கட்டடம் வரும்போது பார்ப்போம் என்றார் மேசைக்காரர். அதற்குள் அங்கே பள்ளம் இருந்ததே தெரியாமல் போய்விடும்.

1981ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தில் கரையில் இருந்து 300 மீற்றர் கரையோர வலயம். உள்ளே அபிவிருத்தி வேலைக்குப் பெமிற் வேண்டும். சுனாமிக்குப் பிறகு வடக்கு, கிழக்குக் கரைகளில் 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். தெற்கில் 100. 2005 முடிவதற்குள் தளர்த்தியும்விட்டார்கள். மீன்பிடிக்கிற சனம் 200 மீற்றருக்கு அப்பால் போய் எப்படித் தொழில் செய்வது என்ற கேள்வி நியாயமானது. ஆனால் தளர்த்திய இடத்தில் மீன் வாடி போட்டவனா இப்போது மாடி கட்டுகிறான்?

டிசம்பர் 13

அம்மாவுக்குக் காய்ச்சல்.

டிசம்பர் 14

102. இரத்தம் எடுத்தார்கள்.

டிசம்பர் 15

டெங்கு இல்லை. டெங்கு இல்லை. டெங்கு இல்லை.

டிசம்பர் 17

சனசமூக நிலையத்தில் கூட்டம். கதிரை போதவில்லை. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஐயா பேசினார். கரைவலை இழுக்கிற இடத்துக்கு நேரே ஒருவர் மதில் கட்டி, கேற் போட்டு, கமராவும் பூட்டியிருக்கிறார். வலை இழுக்கிறவர்கள் எங்கே நின்று இழுப்பது? "கடலுக்குப் போற பாதையை விட்டிட்டு என்னத்தையும் கட்டுங்கோ."

நான் மதிலைப் பற்றிச் சொன்னேன். இனிக் கட்டுகிற மதிலுக்கு அடியில் தண்ணீர் போகத் துவாரம் விட வேண்டும், இருக்கிற மதிலிலும் வெட்ட வேண்டும் என்று. சிரித்தார்கள். பாம்பு வரும் என்றார் ஒருவர், கள்ளன் வருவான் என்றார் இன்னொருவர். மூலையில் நின்ற ஒரு பெடியன் எழும்பினான். "ஹோட்டல் வேண்டாம் எண்டுறியள். நான் கட்டாருக்குப் போகவோ?" அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. அறைகள் வரட்டும், பள்ளத்தில் வரவேண்டாம், மேட்டுக் காணி எத்தனையோ கிடக்கிறது என்று வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது. மேட்டில் இருந்து கடல் தெரியாது. அதுதான் சிக்கல்.

டிசம்பர் 21

அம்மா எழுந்து திண்ணையில் இருந்தார். 64ஆம் ஆண்டுப் புயலைச் சொன்னார். தனுஷ்கோடியை அழித்த அதே புயல், இதே மார்கழி. கூரை போய், பெட்டிக்குள் இருந்த கூறைச்சேலையும் போய், பள்ளிக்கூடத்தில் கிடந்தார்களாம். தை பிறக்க முதல் திரும்ப வேய்ந்துவிட்டார்களாம். ஓலைதானே. அந்தக் காலம் எவ்வளவு லேசு என்று வாய் திறந்தேன். "ஓலை வீட்டைப் புகழாத. நனைஞ்சது நான்."

டிசம்பர் 24

பக்கத்துக் காணியை விற்றுவிட்டார்கள். தம்பிக்கு அல்ல, கொழும்பு ஆள் ஒருவருக்கு. தம்பி என்னோடு கோபம்.

டிசம்பர் 26

சுனாமி நாள். 9.25க்கு இரண்டு நிமிட மௌனம். சந்தியில் டிப்பர்காரரும் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, தொப்பியைக் கழற்றி நின்றார். 9.27க்கு ஏற்றிக்கொண்டு போனார்.

டிசம்பர் 29

வட்ஸ்அப்பில் தம்பி: "நாங்கள் நிரப்பாட்டியும் அவன் நிரப்புவான். அப்ப முழுத் தண்ணியும் எங்கட காணிக்குத்தான் வரும். யோசியுங்கோ."

யோசித்தேன். இரவு முழுக்க அதுதான். அவன் சொல்வது சரி. ஒவ்வொருவரும் இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டுத்தான் ஒழுங்கை இப்படி ஆனது.

மேசனை அனுப்புகிறானாம், ஓட்டையை அடைக்க.

டிசம்பர் 30

மேசன் வந்தார். தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 2, வெள்ளி

பள்ளக்காணி உறுதிப் பத்திரத்தை இன்றைக்குத்தான் ஒழுங்காக வாசித்தேன். தம்பிக்கு நன்கொடையாக எழுதியபோது அம்மா சீவிய உரித்தை வைத்திருக்கிறார். அம்மா இருக்கும்வரை அவர் சம்மதம் இல்லாமல் அங்கே கட்ட முடியாது என்று நொத்தாரிசு போனில் சொன்னார். திங்கட்கிழமை அம்மாவையும் கூட்டி வரட்டாம்.

அம்மாவிடம் சொன்னேன். வெள்ளம், கிணறு, டிப்பர், எல்லாம் விளங்கப்படுத்தினேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"கட்டினா, அவன் இஞ்ச வந்து இருப்பானோ?"

இருக்கமாட்டான் அம்மா என்று சொல்ல வாய் வரவில்லை. திங்கள் ஓட்டோவுக்குச் சொல்ல வேண்டும். அம்மாவின் அடையாள அட்டையைக் காணவில்லை, வெள்ளத்தோடு போன பெட்டியில் இருந்ததோ தெரியாது.