ரெஃபர் சீட்டில் வராத செலவு

நான் டயாலிசிஸ் டெக்னீஷியன். நடவு, அறுப்புக் காலம் வந்தால் எங்கள் யூனிட்டுக்குப் புது முகங்கள் வரும். கண்ணாடி விரியன் கடித்து, சிறுநீர் நின்று, முகம் வீங்கி வருவார்கள். முந்தின வாரம் வரை வயலில் நல்லபடியாக வேலை பார்த்தவர்கள்.

தற்காப்பு மருத்துவம் என்றாலே, பின்னால் கேஸ் வந்துவிடுமோ என்று டாக்டர் எழுதிக்கொடுக்கும் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும்தான் பேச்சில் வருகிறது. அதற்கும் ஜனங்கள்தான் பணம் கட்டுகிறார்கள், சரி. ஆனால் நான் பார்க்கிற பெரிய செலவு, செய்ய வேண்டியதைச் செய்யாமல் "மேல் சிகிச்சைக்கு" என்று எழுதி அனுப்புவதில் இருக்கிறது.

போன சீசனில் ஒரு அம்மா வந்தார். கடித்த அரை மணி நேரத்தில் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். அங்கிருந்து ரெஃபர், அடுத்த ஊரில் மறுபடி ரெஃபர். எங்களிடம் வந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. "முதல்ல போன எடத்துலயே ஊசி இருக்குன்னு நர்ஸம்மா சொன்னாங்க தம்பி" என்றார் அவர் கணவர்.

ரத்தத்தைக் கெடுக்கும் விஷமா என்று பார்க்க மெஷின் எதுவும் வேண்டாம். காய்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தத்தை எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். உறையவில்லை என்றால் விஷமுறிவு மருந்தை ஏற்ற வேண்டும், முதலில் 10 குப்பி வரை. குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து என்பதால் சிலருக்குக் கடுமையான அலர்ஜி வரும், பிரஷர் இறங்கும். அதற்குத்தான் பக்கத்தில் அட்ரினலின் வைத்திருப்பது. ஆனாலும் பயம். ஊசி போட்ட பிறகு உயிர் போனால் பழி டாக்டர் மேல். ஆம்புலன்ஸில் போனால் பழி பாம்பின் மேல்.

அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். சம்பந்தமில்லாத இன்னொரு டாக்டரின் நிபுணர் கருத்தை வாங்காமல் மருத்துவர் மேல் கிரிமினல் வழக்கை நடத்தக்கூடாது, வழக்கமாகக் கைது செய்யக்கூடாது என்று 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆஸ்பத்திரியில் வன்முறை செய்தால் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008-லேயே சட்டம் வந்துவிட்டது. ராத்திரி ஒரே டாக்டர், ஒரு நர்ஸ், வாசலில் முப்பது சொந்தக்காரர்கள் என்றால் எந்தச் சட்டம் வந்து பக்கத்தில் நிற்கும்?

அந்த அம்மாவுக்கு டயாலிசிஸுக்குப் பில் இல்லை, காப்பீட்டில் போனது. கணவருக்குக் கூலி போனது, பிள்ளைகள் சித்தி வீட்டில், கடன் தனி. சிலருக்குச் சில வாரங்களில் சிறுநீரகம் திரும்பிவிடும். சிலருக்குத் திரும்பாது. அவர்கள் பிறகு ஆயுசுக்கும் எங்கள் யூனிட்டுக்கு வருகிறவர்கள்.

டயாலிசிஸ் இல்லாத ஆஸ்பத்திரி ரெஃபர் செய்யத்தான் வேண்டும். ரத்தம் உறையவில்லை என்று தெரிந்தால் முதல் டோஸை ஏற்றிவிட்டு அனுப்புங்கள். கடித்த நேரத்தையும் ஏற்றிய நேரத்தையும் சீட்டில் எழுதுங்கள். அப்படி அனுப்பும் டாக்டருக்கு ராத்திரியில் ஒரு காவலரையும் இன்னொரு நர்ஸையும் அரசு தரட்டும்.