புளியங்கொட்டைப் போத்தல்

மார்ச் 29

முதலாவது கொட்டை விழுந்தது. அம்மா பழப்புளி கோதிக்கொண்டிருந்தார். நான் கொட்டைகளைப் பொறுக்கி, கழுவி, சுளகில் காயவிட்டேன். அறுபத்தாறை எண்ணிச் சிரட்டையில் போட்டுவைத்திருக்கிறேன். நாளுக்கு ஒன்று ஜாம் போத்தலுக்குப் போகும்.

செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. காலையில் முகம் கழுவியவுடன், கைத்தொலைபேசியைத் தொடுவதற்கு முன், கிணற்றுக்கட்டில் இருந்து பத்து மூச்சு. பழகவேண்டியவை என்று நான் ஏழு விடயங்கள் எழுதிக்கொடுத்தேன். தங்கையின் மகள் ஆறை வெட்டிவிட்டாள். "பெரியம்மா, ஒன்று வேர்விடட்டும், பிறகு பார்ப்போம்" என்றாள்.

மார்ச் 30

நான்காவது மூச்சில் மனம் வைத்தியசாலைக்குப் போய்விட்டது. ஆனாலும் பத்தையும் எண்ணி முடித்தேன்.

ஏப்ரல் 1

ஏன் அறுபத்தாறு என்று அம்மா கேட்டார். மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு அல்லவா, இது என்ன கணக்கு என்றார். அம்மாவுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன், எனக்கே அடிக்கடி தேவைப்படுகிறது.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி என்பவரும் அவருடைய குழுவினரும் 96 பேரை வைத்து ஆராய்ந்து 2009 இல் வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஒரு சிறு செயலைத் தெரிவு செய்தார்கள். உண்பது, குடிப்பது, உடலை அசைப்பது, இப்படி ஏதாவது. அதை நாள்தோறும் ஒரே சமயத்தில், காலைச் சாப்பாட்டுக்குப் பின் என்பதுபோல ஏற்கெனவே நடக்கிற ஒன்றின் பின்னால், 12 வாரம் செய்தார்கள். யோசிக்காமலே கை அந்தச் செயலுக்குப் போகும் நிலை எப்போது வந்தது என்று பார்த்தபோது, நடுவில் நின்ற எண் 66 நாள். சிலருக்கு விரைவில் வந்தது, ஆகக் குறைந்தது 18 நாள். ஆகக் கூடியது 254.

12 வாரத்தில் 254 நாளை எப்படிக் கண்டார்கள் என்று தங்கையின் மகளிடம் கேட்டேன். அந்த ஆள் போன போக்கை வைத்துக் கணித்த எண்ணாம்.

அம்மா கேட்டுவிட்டு, "கன்றைக் கட்டையில் கட்டுவது போலத்தான்" என்றார். ஆம். என்னுடைய கட்டை முகம் கழுவுவது. அது எந்த நாளிலும் தவறுவதில்லை. கன்றை அதில் கட்டியிருக்கிறேன்.

இரவு படுத்தபின் அந்த 254 நாள்காரரையே நினைத்துக்கொண்டிருந்தேன். எதைப் பழக்க முயன்றாரோ. பக்கத்தில் யாராவது இருந்தார்களா?

ஏப்ரல் 4

குளக்கட்டில் துருசு வரை நடக்கவும் ஆசை. ஆனால் இரவு இடதுகரைப் பக்கம் யானை இறங்கியிருக்கிறது. மூன்று மணி வரை வெடிச்சத்தம் கேட்டது. ஒரு வளவில் காய்க்கிற தென்னை நான்கும் போய்விட்டன. விடிவதற்கு முன் நடப்பது நல்லது என்று சொல்பவர்கள் முத்தையன்கட்டில் இருந்து பார்க்கவேண்டும். இங்கே வெயில் ஏறியபின்தான் நடக்கலாம், ஏறிவிட்டால் நடக்க முடியாது.

ஏப்ரல் 5

வைத்தியசாலைப் பரிசோதனை முடிவு வரவில்லை.

ஏப்ரல் 9

மூச்சு எண்ணும்போது கண் வேலிக்குப் போகிறது. கிணற்றுக்கட்டில் இருந்தால் நேரே தெரிவது அந்தப் பொட்டு, அண்ணாவின் வளவுக்குப் போகிற வேலி இடைவெளி. பொட்டு இருந்த இடம். அண்ணா இரண்டு கிளுவங் கதியாலை நட்டு, குறுக்கே பனைமட்டை வைத்துக் கட்டிவிட்டார். கதியால் இரண்டும் இப்போது துளிர்த்துவிட்டன. உயிர்வேலியின் குணம் அதுதான், அடைத்தால் வளர்ந்துவிடும்.

அண்ணாவிடம் அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது.

கிணற்றுக்கட்டில் மறுபக்கம் திரும்பி இருந்து பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் வேலி இன்னும் பெரிதாக நின்றது. திரும்பவும் பழைய இடத்துக்கே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 14

வருடப்பிறப்பு. கோவிலிலிருந்து மருத்துநீர் வாங்கிவந்து அம்மாவுக்கு நானே தலையில் வைத்தேன். அண்ணாவின் பிள்ளைகள் அம்மம்மாவிடம் கைவிசேடம் வாங்க வந்தார்கள். அம்மம்மா இல்லை, அப்பம்மா. நான் ஏன் இப்படி எழுதினேன்? நெடுநாள் என் மகன் கூப்பிட்டதையே கேட்டுப் பழகிவிட்டேன்.

பொட்டால் வந்தால் இருபது அடி. பிள்ளைகள் தெருவால் சுற்றி, எங்கள் படலையைத் திறந்து வந்தார்கள். சின்னவனின் புதுச் சட்டையில் வேர்வை. எனக்கு நெஞ்சு வலித்தது. அது நோய் வலி அல்ல.

பதினேழாவது கொட்டை. 18 நாளில் பழகியவர் நாளைக்கு முடித்திருப்பார்.

ஏப்ரல் 19

இன்று செய்யவில்லை.

ஏப்ரல் 20

நேற்று விடியற்காலை நான்கரைக்கே கிளம்பினேன். ஒட்டுசுட்டானுக்குப் போய், அங்கிருந்து மாங்குளம் சந்தி, பிறகு யாழ்ப்பாண பஸ். மதியம் இரண்டு மணி வரை வைத்தியசாலை வாங்கில் இருந்தேன். என் முடிவு எழுதிய துண்டைக் காணவில்லை என்றார்கள். பிறகு கிடைத்தது என்றார்கள், பிறகு அது வேறொருவருடையது என்றார்கள். அந்த வேறொருவர் என் பக்கத்தில்தான் இருந்தார். மடியில் பிள்ளையை வைத்திருந்த இளம் பெண். எனக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கு நல்ல முடிவு வரட்டும் என்று நினைத்தேன், உண்மையாகவே நினைத்தேன். ஜூன் இரண்டாம் திகதி வரச் சொல்லிவிட்டார்கள். மாதிரியைத் திரும்பவும் பார்க்கவேண்டுமாம்.

இரவு ஒன்பதுக்கு வீட்டுக்கு வந்து, போத்தலைப் பார்த்து அழுதேன். முடிவுக்காக அழாதவள் புளியங்கொட்டைக்காக அழுதேன்.

தங்கையின் மகளை எழுப்பிவிட்டேன். "பெரியம்மா, ஒருநாள் விட்டால் ஒன்றும் குலையாது. அதையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஒரு தடவை தவறியவர்களுக்கும் பழக்கம் வந்துதான் இருக்கிறது" என்றாள். மூன்று தடவை சொல்லவைத்துக் கேட்டேன்.

இன்று எழுந்தேன். முகம் கழுவினேன். பத்து மூச்சு.

ஏப்ரல் 21

பத்து.

ஏப்ரல் 27

மாதம் முழுவதும் சீமைக்காரர்களின் கணக்கை எண்ணிக்கொண்டிருந்தேன். இன்று அம்மா முற்றம் தெளிப்பதைப் பார்த்து நின்றுவிட்டேன்.

அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. விடிந்ததும் வாளியில் சாணியைக் கரைத்து, இடது கையால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் அள்ளித் தெளிப்பார். தண்ணீர் விசிறியாக விரிந்து விழும். விழுந்த இடத்தில் புழுதி அடங்கி ஒரு மணம் எழும். அதற்குப் பிறகுதான் அவருக்குத் தேநீர்.

2009 இல் செட்டிகுளத்தில், மெனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில், கூடாரத்தில் இருந்தோம். தண்ணீருக்கு வாளிகளை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். ஒரு வாளித் தண்ணீரில் குடித்து, சமைத்து, துடைத்து முடிக்கவேண்டும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, விடிகிற நேரம் கண் விழித்தால் அம்மா பக்கத்தில் இல்லை. தறப்பாளை விலக்கிப் பார்த்தேன். கூடார வாசலில் குந்தியிருந்து, அரைச் சிரட்டைத் தண்ணீரில் விரல்களைத் தோய்த்துத் தோய்த்து மண்ணில் உதறிக்கொண்டிருந்தார். சாணி இல்லை. வெறும் தண்ணீர், கால் வைக்கிற அளவு இடம். எனக்கு ஆத்திரம் வந்தது. "குடிக்கத் தண்ணீர் இல்லை, நீங்கள் மண்ணில் ஊற்றுகிறீர்கள்" என்று கத்தினேன். அம்மா திரும்பவில்லை. மிச்சத்தையும் உதறிவிட்டு, "விடிந்துவிட்டது பிள்ளை" என்றார்.

அந்த அரைச் சிரட்டையை அவர் தன் குடிநீரில் இருந்து எடுத்தார் என்று பிறகு தெரிந்தது.

ஒரு மாதத்தில் பக்கத்துக் கூடாரத்துப் பெண்ணும் தெளிக்கத் தொடங்கினாள்.

அம்மா அன்று மகிழ்ச்சியாக இருந்தாரா? இல்லை. அப்பாவைப் புதைத்து ஆறு கிழமைகூட ஆகவில்லை. மனம் சரியாகிய பின் தெளிக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான். நான் பதினான்கு வருடங்களாக மனம் சரியாகட்டும், பிறகு ஒழுங்காக வாழலாம் என்று ஒதுக்கிக்கொண்டே வந்திருக்கிறேன். வீணையை ஒதுக்கினேன், நடையை ஒதுக்கினேன். அண்ணாவோடு பேசுவதையும் ஒதுக்கினேன்.

மே 3

மூச்சு இப்போது தானாக வருகிறது. முகத்தைத் துடைத்த துவாயோடு நேரே கட்டுக்குப் போகிறேன். இன்று போய் இருந்த பிறகுதான் இருந்ததே தெரிந்தது.

அதனால் இரண்டாவதற்கு அனுமதி கிடைத்துவிட்டது. படுக்க முன், விளக்கை அணைக்கிற கையால் மூன்று வரி: இன்று கிடைத்த நல்லவை. அமெரிக்காவில் ரொபேட் எமன்சும் மைக்கல் மக்கலாவும் 2003 இல் எழுதியது இது. நரம்பும் தசையும் பாதிக்கப்பட்ட நோயாளிகளிடமும் செய்து பார்த்திருக்கிறார்கள். 21 நாள், ஒவ்வொரு நாளும் நன்றியோடு நினைப்பவற்றை எழுதினார்கள். எழுதியவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தூங்கினார்களாம். நோய் போகவில்லை, தூக்கம் வந்தது. எனக்கு அது போதும்.

இன்றைய மூன்று: தரம் 3 பிள்ளைகள் கடிதம் அனுப்பியிருந்தார்கள், ஒருத்தி "ரீச்சர் வாங்கோ" என்று எழுதி வாத்து கீறியிருந்தாள். பின்னேரம் ஒரு பாட்டம் மழை. அம்மா இரண்டாம் முறை சோறு கேட்டார்.

மே 4

மூன்று வரியும் எழுதினேன், மூன்றும் பொய். ஒன்றும் நல்லதாக இல்லை. மார்பில் கை வைக்காமல் படுக்கப் பழகவேண்டும்.

மே 5

நேற்றைய பொய்களை வெட்டவில்லை. ஒரு வரி மட்டும் எழுதுகிறேன்: கிணற்றுத் தண்ணீர் குளிர்ந்திருந்தது.

மே 11

சோளகக் காற்று பிடித்துவிட்டது. முற்றம் முழுவதும் புழுதி. அம்மா இரண்டு வாளி தெளிக்கிறார்.

மே 13

அண்ணா வயலுக்குப் போகிறார், மண்வெட்டி தோளில். இருமல் இன்னும் இருக்கிறது. சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்து நாளாகிவிட்டது, அவருடைய துண்டு கடைசியில், வாய்க்கால் முடிகிற இடத்தில். இதெல்லாம் எனக்கு வேலிக்கு மேலால் தெரிகிறது. என்னைப் பற்றி அவருக்கு என்ன தெரிகிறது?

254 நாள்காரர் எதைப் பழக்க முயன்றாரோ. ஒருவேளை அவரும் ஒருவரைப் பார்த்துச் சிரிக்கப் பழகினாரோ.

மே 18

முள்ளிவாய்க்கால் நினைவு நாள். அம்மா சிரட்டையில் கஞ்சி வார்த்தார். சத்தமின்றிக் குடித்தோம். ஒரு சிரட்டை மேலதிகமாக வைத்தார், யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

பத்து மூச்சு. ஐம்பதாவது கொட்டை.

மே 19

நேற்று அந்தச் சிரட்டையை அம்மா தெருவால் சுற்றிக் கொண்டுபோய் அண்ணாவிடம் கொடுத்திருக்கிறார். இன்றுதான் சொன்னார். அண்ணா படலையிலேயே நின்று குடித்துவிட்டு, சிரட்டையைக் கழுவிக் கொடுத்தாராம்.

மே 24

பாலைப்பழக் காலம். மச்சாள் வேலிக்கு மேலால் ஒரு பெட்டியை நீட்டினார். கிணற்றுக்கட்டில் எட்டாவது மூச்சில் இருந்தேன். முதலில் பெட்டியும் இரண்டு கைகளும்தான் தெரிந்தன, வளையலில் சாம்பல். "மச்சாள்" என்று கூப்பிட்டார். இரண்டு வருடத்தில் முதல் தடவை. நான் எழுந்து வாங்கினேன். "காட்டுக்குப் போனவர்கள் கொண்டுவந்தார்கள்" என்றார். "சரி" என்றேன். சரி என்று மட்டும்தான் சொன்னேன்! ஒரு நன்றி சொல்ல வரவில்லை, இரவிரவாக நன்றி எழுதுகிறவளுக்கு.

மஞ்சள் பழம், விரலால் அமுக்கினால் தோல் விட்டுப் பால் வரும். இருபது பழம் தின்றால் உதடுகள் ஒட்டிக்கொள்ளும். அம்மாவும் நானும் ஒட்டிய வாயோடு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். அம்மாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

ஒன்பதாவது, பத்தாவது மூச்சு பிறகுதான் எடுத்தேன்.

மே 25

பெட்டியை வெறுமையாகத் திருப்பக் கூடாது. என்ன வைப்பது? முருங்கைக்காய் அவர்களிடமே இருக்கிறது. புளி. கோதிய பழப்புளி ஓர் உருண்டை.

மே 26

வைக்கவில்லை. பெட்டி கிணற்றுக்கட்டிலேயே இருக்கிறது.

மே 27

வைத்தேன். வேலிக்கு மேலால் நீட்டியபோது வாங்கியது அண்ணா. அந்தச் சொல்லுக்காக மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நாலு வசனம் கட்டிவைத்திருந்தேன். "இருமலுக்கு மருந்து எடுத்தீர்களா?" என்றுதான் வாயில் வந்தது. "எடுத்தேன். உனக்கு எப்போது முடிவு?" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. திகதியைச் சொன்னேன்.

மே 30

முள்ளியவளையில் காட்டா விநாயகர் கோவிலில் உப்புநீரில் விளக்கு எரிகிறது. கடலில் அள்ளிய நீர். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு அம்மாவைக் கூட்டிப்போகவேண்டும், என்ன முடிவு வந்தாலும். இன்றைய மூன்று வரியில் முதலாவது இது. மற்ற இரண்டும் நாளைக்கு.

ஜூன் 1

சிரட்டையில் இரண்டு கொட்டை மிச்சம். ஏப்ரல் 19 இன் கொட்டை அதில் ஒன்று, அது அங்கேயே இருக்கட்டும்.

பின்னேரம் கத்திச் சத்தம் கேட்டது. அண்ணா கதியால்களைத் தறிக்கிறார் என்று நினைத்து ஓடிப்போனேன். ஆட்டுக்குக் குழைதான் வெட்டிக்கொண்டிருந்தார். வேலி அப்படியே நின்றது. என்னைக் கண்டதும், "நாளைக்கு மாங்குளம் வரை மோட்டார்சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறேன். நாலு மணிக்கு வெளிக்கிட்டு நில்" என்றார்.

நாலு மணிக்கு யானை நிற்குமே என்றேன். வெடி கொண்டுவருகிறேன் என்றார்.

அப்படியென்றால் மூன்றரைக்கு எழுந்து முகம் கழுவவேண்டும். இருட்டில் கிணற்றுக்கட்டு வழுக்கும், ரோர்ச்சை வாசலில் வைத்திருக்கிறேன். கொட்டையைச் சட்டைப் பையில் போட்டுவைத்திருக்கிறேன்.