பெரியப்பா கொடுத்த மனு

பெரியப்பா கதை சொல்ல ஆரம்பித்தால் டீக்கடையில் அத்தனை பேர் கிளாஸிலும் ஆடை படிந்துவிடும். இந்தத் தடவை மதகுக் கதை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி, வெண்ணாற்றில் இறங்கி, நம் வாய்க்கால் மதகில் வந்து நின்றுவிட்டது. ஷட்டர் துருப்பிடித்து ஏறவில்லை. மேலே நெய்வேலிக் காட்டாமணக்கு அடைப்பு. அந்த ஷட்டர் முனகுகிற சத்தத்தை அவர் வாயாலேயே எழுப்பியபோது கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டார்.

இதையே மனுவாக்கிவிடலாமே என்று போனில் பதிவுசெய்து, ஒரு எழுத்து விடாமல் எழுதினேன்.

"அதாம்ப்பா, அந்தாண்ட அது இருக்குல்ல, அதுலேருந்து இந்தா இப்புடி வருதா, வந்து இங்க நிக்கிதா, நின்னு..."

முழுப் பக்கமும் இதேதான். மதகு என்ற பேச்சே இல்லை! டீக்கடையில் எப்படிப் புரிந்தது? 'அந்தாண்ட' என்றபோது கை மேற்கே நீண்டது. 'இப்புடி' என்றபோது உள்ளங்கை வளைந்தது. மிச்சத்தைக் கேட்டவர்களே முடித்துக்கொண்டார்கள். காகிதத்துக்குக் கையும் கிடையாது, நடுவில் 'ஆமாமா' போட ஆளும் கிடையாது.

பெரியம்மா படித்துவிட்டு, "யாருடா இது, தண்ணி போட்டவனா?" என்றார்.

பெரியப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நானா இப்புடிப் பேசுனேன்?" என்று கிழித்துப் போட்டுவிட்டுத் தானே எழுத உட்கார்ந்தார். "தங்கள் மேலான சமூகத்திற்குப் பணிந்து தெரிவித்துக்கொள்வது யாதெனில்" முடிவதற்குள் பக்கம் பாதி காலி. காட்டாமணக்கு 'தேவையற்ற தாவரங்கள்' ஆனது. மதகைத் திறந்து மூடுகிற ஊழியரான லஸ்கரை அவர் திட்டிய திட்டெல்லாம் 'மிகுந்த மன வேதனை' ஆகிவிட்டது.

சரி, விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலாவது வாயால்தானே சொல்ல வேண்டும் என்று நம்பினேன். மைக் கைக்கு வந்ததும், "பெருமதிப்பிற்குரிய..." என்று தொடங்கினார் பாருங்கள்! வீட்டில் வாளப்பளம் சாப்பிடுகிற மனிதர், அங்கே 'வாழ்வாதாரம்' என்று நாக்கை மடித்து ஒரு ழகரம் போட்டார், மைக்கே கீச்சிட்டது. ஒரே ஊரில் பேச ஒரு மொழி, எழுதவும் மேடைக்கும் இன்னொன்று என்கிற இந்தக் கூத்தைப் பற்றி ஃபெர்குசன் என்ற அமெரிக்கர் 1959-ல் கட்டுரை எழுதினார். அரபி, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹைட்டியின் கிரியோல் என்று நான்கு உதாரணங்களை விரிவாக அலசினார். பாவம், ஊர் ஊராக அலைந்திருக்க வேண்டாம். பெரியப்பாவிடம் ஒரு மைக்கைக் கொடுத்திருந்தால் வேலை முடிந்திருக்கும்.

வரவேற்புரை முடிந்து மதகுக்கு வருவதற்குள் மைக் அடுத்தவரிடம் போய்விட்டது.

நேற்று பதில் வந்தது. 'மனு பரிசீலிக்கப்பட்டு உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.' யார் பரிசீலிப்பார், யார் எடுப்பார்? பேச்சில் இந்தச் சௌகரியமெல்லாம் கிடையாது. 'சோறு போடப்படும்' என்று பெரியம்மா சொன்னால் நாங்கள் ஹோட்டலுக்குத்தான் போக வேண்டும். எழுத்தில்தான் வேலை இருக்கும், செய்கிற ஆள் மட்டும் நைசாக நழுவிவிடுவார்.

பெரியப்பாவுக்கு ஆனால் பரம திருப்தி. "என்னா மரியாதையா எழுதிருக்காம் பாரு" என்று டீக்கடையில் வாசித்துக்காட்டிக் கொண்டிருக்கிறார். நாற்றங்காலுக்குப் பக்கத்து வயல்காரரின் போர்செட்டிலிருந்து மணிக்கணக்கில் காசு கொடுத்துத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறோம்.